படிவம் எங்கள் ஊருக்கு வரட்டும்: சேர்வராயன் மலையின் முதல்முறை வாக்காளர்களுக்கான கோரிக்கைச் சாசனம்

இந்தச் சாசனத்தை இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், உள்ளாட்சித் தேர்தல்களை நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும், மாவட்டத் தேர்தல் அலுவலராகிய சேலம் ஆட்சியருக்கும், ஏற்காடு தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்கும் முன்வைக்கிறோம். முன்வைப்பவர்கள் ஏற்காடு, வெள்ளக்கடை, வேலூர், நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், செம்மநத்தம், தலைச்சோலை, வாழவந்தி ஆகிய ஒன்பது ஊராட்சிகளில் வாழும் நாங்கள். எங்களில் பழங்குடி விவசாயிகள் இருக்கிறோம், எஸ்டேட் தொழிலாளர்கள் இருக்கிறோம், ஆசிரியர்கள் இருக்கிறோம், பதினெட்டு வயதைத் தொட்டவர்களும் தொடப்போகிறவர்களும் இருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். மலை மக்களுக்கு ஓட்டில் அக்கறை இல்லை என்ற பேச்சு எங்களிடம் செல்லாது. 2013 டிசம்பர் 4 அன்று ஏற்காடு இடைத்தேர்தல் நடந்தபோது நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். ‘நோட்டா’ பொத்தானைத் தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கண்ட வாக்காளர்களும் அவர்களே. 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில், எங்கள் தொகுதி அடங்கிய கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதி வாக்குப்பதிவில் மாநிலத்தின் முன்வரிசையில் நின்றது. 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டுதான்: ஒன்று சேந்தமங்கலம், மற்றொன்று எங்கள் ஏற்காடு. பட்டியலில் பெயர் இருந்தால் இந்த மலை ஓட்டுப் போடுகிறது. பெயர் ஏறாமல் நிற்பவர்கள் பிள்ளைகள். அவர்களுக்காகவே பேசுகிறோம்.

அவர்களுடைய உரிமை புதிதாக யாரும் தர வேண்டிய ஒன்றல்ல. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆகக் குறைந்தது 1989இல், அரசியலமைப்பின் 61ஆவது திருத்தத்தால். ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருந்தால்தான் அந்த ஆண்டுப் பட்டியலில் இடம் என்ற பழைய விதியும் 2022 ஆகஸ்டில் மாறியது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாள்களும் தகுதி நாள்கள். பதினேழு வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். சட்டம் தன் வேலையை முடித்துவிட்டது. இந்த மலையில் அது ஏன் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பதே எங்கள் கேள்வி.

எங்கள் முதல் கோரிக்கை காலண்டரைப் பற்றியது. பெயர் சேர்ப்புச் சிறப்பு முகாம்கள் வழக்கமாக நவம்பர் மாதத்துச் சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. சமவெளிக்கு அது வசதியான காலமாக இருக்கலாம். இங்கே அதுதான் காபிப் பழம் சிவக்கும் காலம். நவம்பரில் தொடங்கும் பறிப்பு ஜனவரி வரை போகும், அது ஓய்வதற்குள் மிளகு வந்துவிடும். பறிக்கிற கைக்குத்தான் அன்றைக்குக் கூலி. ஆண்டின் மற்ற மாதங்களில் பட்ட கடனை அடைக்கும் வருமானம் அந்தச் சில வாரங்களில் வருகிறது. பள்ளியை முடித்த பையனும் பெண்ணும் தாய் தகப்பனோடு செடிக்கு நடுவே நிற்கும் நாளில், வாக்குச்சாவடிப் பள்ளியில் ஒரு மேசை போட்டுக் காத்திருப்பதால் பயனில்லை. அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையே அடைபட்டது. ஆகவே, நான்கு தகுதி நாள்களையும் ஒட்டி ஆண்டுக்கு நான்கு முகாம்கள் மலையில் நடக்க வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு முகாம்கள் பறிப்பும் பெருமழையும் இல்லாத மாதங்களில் விழ வேண்டும். நேரம் மாலை நான்கு முதல் எட்டு வரை. இடம் ஊராட்சித் தலைமையிடம் மட்டும் போதாது, வாரச் சந்தையிலும் ஒவ்வொரு குக்கிராமத்திலும் வேண்டும். இந்த மலையில் 67 கிராமங்கள் என்று அரசே சொல்கிறது. அறுபத்தேழுக்கும் ஒரு கால அட்டவணை போட ஒரு பிற்பகல் போதும்.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாடு முழுவதும் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இதே பறிப்புக் காலத்தில்தான் எங்கள் வாசலுக்கு வந்தது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியானபோது மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இருமுறை பதிந்தவர் என்று பெரும்பகுதிக்குக் காரணம் சொல்லப்பட்டது. பொய்ப் பெயர்கள் நீங்குவதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் வீடு பூட்டியிருந்தது என்பது குடிபெயர்ந்தார் என்பதற்குச் சான்றாகாது. காலை ஆறரைக்குத் தோட்டத்துக்குப் போகிற வீடு பூட்டித்தான் இருக்கும். இனி இந்த மலையில் ஒரு பெயரை நீக்குவதற்கு முன் அந்த வீட்டுக்கு மாலையில் ஒரு முறையாவது வர வேண்டும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடாக (வரிசை வீடாக) இருந்தால் பக்கத்து வீட்டாரிடமும் கேட்க வேண்டும்.

அடுத்தது ஆவணம். இந்த இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் திரும்பி வருகிறார்கள், எனவே விரிவாகவே சொல்கிறோம். லைன் வீட்டில் வளர்ந்தவருக்கு வீட்டு வரி ரசீது கிடையாது. மின் கட்டண அட்டை எஸ்டேட் பெயரில் இருக்கும். காட்டோரக் குக்கிராமத்தில் கதவு எண்ணே இல்லாத வீடுகள் உண்டு. இவர்களுக்காகவே விதியில் வழி இருக்கிறது. முகவரிக்கு ஆவணம் காட்ட இயலாவிட்டால், அலுவலர் நேரில் வந்து அவர் அங்கே குடியிருக்கிறாரா என்று பார்த்து உறுதிப்படுத்தலாம். கூரையே இல்லாமல் நடைபாதையில் உறங்குபவருக்குக்கூட இரவில் வந்து பார்த்துப் பெயர் சேர்க்கும் முறை நடைமுறையில் இருக்கும்போது, மூன்று தலைமுறையாக ஒரே வரிசை வீட்டில் வாழும் குடும்பத்துப் பெண்ணை ‘முகவரிச் சான்று இல்லை’ என்று திருப்பி அனுப்ப எந்த விதியும் இடம் தரவில்லை. எங்கள் கோரிக்கை இது: முகவரி ஆவணம் இல்லாத எந்த விண்ணப்பமும் மேசையிலேயே திருப்பப்படக் கூடாது. வாங்கி, ரசீது கொடுத்து, பத்து நாளுக்குள் நேரில் வந்து பாருங்கள்.

தீவிரத் திருத்தத்தின் விதிகள் இளையவர்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்றின. 2004 டிசம்பர் 2க்குப் பிறகு பிறந்தவர், பிறந்த தேதியையும் பிறந்த இடத்தையும் காட்டச் சொன்னால், தன் ஆவணத்தோடு தாய், தந்தை இருவருடைய ஆவணங்களையும் தர வேண்டும். இன்று பதினெட்டு ஆகிறவர் எல்லோரும் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களே. முந்தைய தீவிரத் திருத்தம் நடந்த 2002, 2005 ஆண்டுகளின் பட்டியலில் தாய் தகப்பன் பெயர் இருந்தால், அவர்களுடைய ஆவணத்துக்கு அந்தப் பக்கத்தின் நகலே போதுமான சான்று. இந்த மலையின் பெற்றோரில் பெரும்பாலோர் அப்போதும் இங்கே ஓட்டுப் போட்டவர்கள்தான். அந்தப் பழைய பட்டியலை இணையத்தில் தேடி, பாகம் எண்ணும் வரிசை எண்ணும் கண்டுபிடிக்கும் வேலையைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியது தவறு. ஏற்காடு மலைப் பாகங்களின் பழைய பட்டியலை அச்சிட்டு ஒன்பது ஊராட்சி அலுவலகங்களிலும் நூலகங்களிலும் நிரந்தரமாக வையுங்கள். ஒரு வாரத்தில் முடிகிற வேலை. அது முடிந்தால் ஒரு தலைமுறையின் அலைச்சல் தீரும்.

அதே விதிகளின் ஆவணப் பட்டியலில் சாதிச் சான்றிதழும் வன உரிமைச் சான்றும் இடம் பெற்றிருக்கின்றன. இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இவை இரண்டும் வாழ்வாதார ஆவணங்கள். ஆனால் பழங்குடிச் சான்றிதழ் கேட்டுக் கொடுத்த மனு மாதக்கணக்கில் நிற்பது மலைக்குப் பழகிப்போன துயரம். ஒரு துறை தர வேண்டிய தாளைத் தராமல் வைத்திருக்க, இன்னொரு துறை அந்தத் தாள் இல்லை என்று பெயரைச் சேர்க்காமல் விடுவது எங்கள் குற்றமாகாது. பதினேழு முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களின் நிலுவை மனுக்களைத் தனியே பிரித்தெடுத்து, தகுதி நாளுக்கு முன் முடித்துத் தர வேண்டும் என்று வருவாய்த் துறையைக் கோருகிறோம்.

பள்ளிக்கூடம் எங்கள் அடுத்த கோரிக்கை. பிளஸ் டூ படிக்கும்போதே பலருக்குப் பதினேழு நிறைந்துவிடுகிறது. பிறந்த தேதி பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது, புகைப்படம் தேர்வு விண்ணப்பத்துக்கே எடுத்தாகிவிட்டது. இதைவிடத் தயாரான இடம் வேறு எது? தேர்தல் எழுத்தறிவு மன்றங்களை 2018 ஜனவரி 25 அன்று தேர்தல் ஆணையம் தொடங்கி வைத்தது. அவை கோலப் போட்டியோடும் உறுதிமொழியோடும் நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கல்வியாண்டின் முதல் பருவத்திலும், மலையின் எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளிலும், பதினேழு நிறைந்தவர்களின் பெயர் சேர்ப்புக்கான படிவம் 6 வகுப்பறையிலேயே நிரப்பப்பட்டு ஒரே கட்டாகப் பதிவு அலுவலரிடம் சேர வேண்டும். பள்ளி முடிந்து ஊர் ஊராகச் சிதறிய பிறகு இவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். மார்ச் மாதப் பொதுத்தேர்வு முடிந்த மறுநாளே பாதிப் பேர் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

பத்தாவதோடும் எட்டாவதோடும் நின்றவர்களைப் பள்ளி முகாம் எட்டாது. அவர்களைத் தெரிந்தவர்கள் அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர், மகளிர் சுய உதவிக் குழுக்கள். இவர்கள் வழியாக ஒவ்வொரு குக்கிராமத்திலும் பதினேழு தாண்டியவர் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஆண்டுக்கு ஒரு முறை எடுங்கள். படிப்பை விட்டவருக்கு ஓட்டுரிமை குறைந்துவிடவில்லை. அவரைத் தேடி வர வேண்டிய கடமை அரசுக்குக் கூடுகிறது.

வாக்குச்சாவடி நிலை அலுவலர் யார் என்று இங்கே பலருக்குத் தெரியாது. அவர்கள்மேல் நாங்கள் பழி சொல்லவில்லை. தம் சொந்த வேலையோடு இதையும் சேர்த்துச் சுமக்கிறவர்கள் அவர்கள், மழையில் அட்டைக்கடியோடு ஏறி இறங்குகிறவர்கள். அவர்களுக்கு மலைப்பகுதிக்கேற்ற பயணப்படியும், முகாம் நாள்களில் மற்ற பணியிலிருந்து விடுப்பும் வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவர்களுடைய பெயரும் கைபேசி எண்ணும். ரேஷன் கடைச் சுவரில், பால்வாடிச் சுவரில், எஸ்டேட் அலுவலக வாசலில் பெயிண்டால் எழுதிவைத்தால் போதும். கொடுக்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் அடியில் இருக்கும் ஒப்புகைச் சீட்டைக் கையெழுத்திட்டுக் கிழித்துத் தர வேண்டும். சீட்டு இல்லாமல் கொடுத்த விண்ணப்பத்துக்கு எந்தக் காலத்திலும் பதில் கேட்க முடியாது.

இணையத்தில் விண்ணப்பிக்கலாமே என்கிறார்கள். கைபேசிக்கு ஓ.டி.பி. வருவதற்குக் கோபுரம் வேண்டும். மேட்டுக்கு ஏறி நின்று சிக்னல் பிடிக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்பது ஊராட்சி அலுவலகங்களிலும் இணையத்தோடு ஒரு கணினியும், வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு ஒருவரும் வேண்டும். வாக்காளர் பதிவு இலவசம் என்பதும், 1950 என்ற எண்ணில் கேள்வி கேட்கலாம் என்பதும் அங்கே பெரிய எழுத்தில் இருக்கட்டும். படிவம் நிரப்ப ஐம்பதும் நூறும் வாங்கும் கடைகளுக்கு அதற்குப் பிறகு வேலை இருக்காது.

ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதன் காரணம் எழுத்தில், தமிழில், விண்ணப்பித்தவர் கைக்கு வர வேண்டும். பதினைந்து நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதிலும் தீராவிட்டால் முப்பது நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். ஆனால் நிராகரித்ததே தெரியாதவர் எதை வைத்து மேல்முறையீடு செய்வார்? வாக்களிப்பு நாளன்று பூத் வாசலில் நின்று ‘பட்டியலில் பேர் இல்லை’ என்று கேட்பதுதான் இன்று பலருக்குக் கிடைக்கும் முதல் தகவல். அந்த நேரத்தில் எதுவும் செய்ய இயலாது. வேட்புமனு வாங்கும் கடைசி நாளோடு பெயர் சேர்ப்பு மூடிவிடுகிறது. ஆகவே நிராகரிப்பு அறிவிப்போடு மேல்முறையீட்டு மாதிரி மனு ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள்.

பெயர் ஏறியபின் அட்டை வர வேண்டும். பட்டியலில் சேர்ந்த பதினைந்து நாளுக்குள் அட்டையைச் சேர்ப்பிப்பதாகத் தேர்தல் ஆணையம் 2025 ஜூனில் அறிவித்தது. எங்கள் ஊர்களிலும் அந்தப் பதினைந்து நாள் பதினைந்து நாளாகவே இருக்கட்டும். கதவு எண் இல்லாத வீட்டு அட்டை அஞ்சலகத்திலிருந்து திரும்பிப் போகாமல், ஊராட்சி அலுவலகத்தில் வைத்து நேரில் கொடுக்க ஏற்பாடு வேண்டும்.

மலையிறங்கிப் போனவர்களைப் பற்றி இப்போது சொல்கிறோம். மேற்படிப்புக்குச் சேலத்துக்கும் அதற்கப்பாலும் போய் விடுதியில் தங்கும் மாணவர், விடுதி முகவரியிலும் பதியலாம், பெற்றோர் வீட்டு முகவரியிலும் பதியலாம். தேர்ந்தெடுப்பது அவர் உரிமை. இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. இரண்டு இடத்திலும் பதிவில்லாமல் மூன்று ஆண்டு படிப்பை முடித்து வருகிறவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். சேலம் மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லூரியிலும் சேர்க்கை நாளன்றே இந்த இரண்டு வழிகளையும் விளக்கும் ஒரு பக்கத் தாளும், விடுதிச் சான்றும், படிவமும் தரப்பட வேண்டும். வேலைக்காக வெளியூர் போனவர்கள் பொங்கலுக்கும், மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் ஊர் திரும்புகிறார்கள். அந்த நாள்களில் இங்கே ஒரு முகாம் இருந்தால் ஆண்டு முழுவதும் தேடினாலும் கிடைக்காதவர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். கோடை விழாவுக்கு எத்தனையோ துறைகள் அரங்கு அமைக்கின்றன, வாக்காளர் பதிவுக்கும் அங்கே ஓர் அரங்கு இருக்கட்டும்.

திருமணமாகி வேறு ஊர் போகும் பெண்ணின் பெயர் பிறந்த ஊரில் நீக்கப்பட்டு, புகுந்த ஊரில் சேராமல் போவது இன்னொரு இழப்பு. பத்தொன்பது, இருபது வயதில் இப்படி வாக்கை இழந்தவர்களில் பலர் தம் முதல் ஓட்டையே போடாதவர்கள். இடமாற்றத்துக்கான படிவம் 8 வந்து, புதிய ஊரில் பெயர் ஏறிய பின்னரே பழைய ஊரில் நீக்க வேண்டும். திருமணப் பதிவு நடக்கும் அலுவலகத்திலேயே இந்தப் படிவத்தையும் கொடுங்கள். மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்குப் பதிவும், தகுதியுள்ளவர்களுக்கு வீட்டிலிருந்தே வாக்களிக்கும் படிவம் 12டியும் வீட்டுக்கே வர வேண்டும்.

ஓட்டுப் போடும் நாளுக்கு வருகிறோம். வாக்குச்சாவடி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் பொது வழிகாட்டுதல். மலையில் தூரத்தை வரைபடத்தில் அளந்தால் போதாது. பள்ளத்தில் இறங்கி எதிர்மேட்டில் ஏறும் ஒற்றையடிப் பாதையில் அளக்க வேண்டும். நடந்து அளந்து, தூரம் மிகும் குக்கிராமங்களுக்குத் துணை வாக்குச்சாவடி அமையுங்கள். இது முடியாத காரியம் இல்லை. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்குத் தலைச்சுமையாகவே கொண்டுபோனார்கள். அந்த அலுவலர்களை நாங்கள் மதிக்கிறோம். எடை மிகுந்த இயந்திரம் போய்ச் சேர்கிற இடத்துக்கு, அதற்கு ஆறு மாதம் முன்பே ஒரு கட்டுப் படிவம் போய்ச் சேர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

பஸ் வேண்டும். வேட்பாளரோ அவர் முகவரோ வாக்காளரை வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்வது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் முறைகேடு. அது சரியான சட்டம். கட்சி வண்டியில் ஏறுவது கூடாது என்று சொல்லும் அரசு, தன் பஸ்ஸை ஓட்டியே தீர வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தைய மாலையும் அன்றைய காலையும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு மலைப்பாதைகளிலும், அதாவது கொண்டை ஊசி வளைவுப் பாதையிலும் குப்பனூர் வழியிலும், கூடுதல் பஸ்கள் வேண்டும். ஏற்காட்டிலிருந்து நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடைப் பக்கங்களுக்கு மாலை வாக்குப்பதிவு முடியும் வரை நடைகள் வேண்டும். வார இறுதியை ஒட்டித் தேர்தல் வந்தால் சுற்றுலா வண்டிகள் பாதையை அடைத்துவிடும், அன்று போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பைக் காவல் துறைக்கு எழுத்தில் கொடுங்கள்.

கூலியோடு விடுப்பு என்பது நாங்கள் கேட்டுப் பெறும் சலுகை அல்ல. மக்களவை, சட்டமன்றத் தேர்தல் நாளில் எந்தத் தொழில் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கும் ஊதியத்தோடு விடுப்புத் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலிக்காரருக்கும் அது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை, ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலியை ஒட்டிய தொகை. சட்டத்தின் பல் மழுங்கியிருப்பதால் மேற்பார்வை கூர்மையாக வேண்டும். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு எஸ்டேட்டிலும், விடுதியிலும், ஓட்டலிலும், செங்கல் சூளையிலும் விடுப்பு அறிவிப்பு தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று தொழிலாளர் துறை நேரில் பார்க்க வேண்டும். சேலத்திலும் திருப்பூரிலும் வேலை செய்து ஏற்காட்டில் ஓட்டு வைத்திருப்பவருக்கும் இந்த விடுப்பு உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பது வயதுக்காரர் முதலாளியிடம் இதை வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார். அவர் சார்பில் அரசு கேட்கட்டும். உள்ளாட்சித் தேர்தல் நாளுக்கும் இதே விடுப்பு அரசாணையாக வர வேண்டும்.

முதல்முறை பூத்துக்குள் போகிறவருக்கு இயந்திரம் பழக்கமாகியிருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியபின் வாக்கைச் சரிபார்க்கும் விவிபாட் கருவியின் கண்ணாடியில் சீட்டு ஏழு நொடி தெரியும், அதைப் பார்த்துவிட்டு வெளியே வரலாம். அட்டை கையில் இல்லாவிட்டால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் உள்ள வங்கிப் புத்தகம் போன்ற மாற்று ஆவணங்கள் செல்லும், கல்லூரி அடையாள அட்டை செல்லாது. யாருக்குப் போட்டார் என்பதை மேஸ்திரிக்கோ, ஊர்ப் பெரியவருக்கோ, வீட்டாருக்கோ சொல்ல வேண்டியதில்லை. இவற்றைச் செய்து காட்டும் மாதிரி வாக்குப்பதிவு ஒவ்வொரு தேர்தலுக்கும் முன் எல்லாக் குக்கிராமங்களிலும் நடக்க வேண்டும். காட்டுகிறவர் இந்த மலையின் பேச்சைப் பேசுகிறவராக இருந்தால் நல்லது.

ஊராட்சித் தேர்தலை நாங்கள் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் அங்கேதான் முடிவாகின்றன. இளம் வாக்காளர் தன் ஓட்டின் விளைவைக் கண்ணால் பார்க்கும் தேர்தல் அதுவே. இருபத்தொரு வயதில் அவரே நிற்கவும் செய்யலாம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. அந்த நாள் தேர்தல் இல்லாமல் கடந்தது, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அந்த ஆண்டு பதினெட்டைத் தொட்ட பிள்ளைகளுக்கு ஊர் ஓட்டு என்பதே தெரியவில்லை. இப்படி ஒரு நாள்கூட இனி இடைவெளி விழக் கூடாது. ஊராட்சி வார்டுப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எடுக்கப்படும்போது புதிதாகச் சேர்ந்த பெயர்கள் விடுபடாமல் வருகின்றனவா என்று கிராம சபையில் வாசித்துச் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாகக் கணக்கு. ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பாகத்திலும் பதினெட்டு, பத்தொன்பது வயது வாக்காளர் எத்தனை பேர், அந்த ஊர்களின் பள்ளிப் பதிவேட்டின்படி அந்த வயதில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் அருகருகே எழுதி, ஒவ்வொரு தகுதி நாளுக்குப் பிறகும் வெளியிடுங்கள். இடைவெளி எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியும், முகாமை எங்கே போட வேண்டும் என்றும் தெரியும்.

இந்தச் சாசனத்தில் கேட்டவற்றில் புதிய சட்டம் தேவைப்படுவது எதுவுமில்லை. பழைய பட்டியலின் அச்சு நகல், அலுவலர் எண்களைச் சுவரில் எழுதுவது, பள்ளிப் படிவங்கள் ஆகிய மூன்றும் முப்பது நாளில் முடியும். அறுபத்தேழு கிராமங்களுக்கான முகாம் அட்டவணை அடுத்த தகுதி நாளுக்குள் வர வேண்டும். பஸ்ஸும் விடுப்பு அறிவிப்பும் அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும் நாளிலேயே ஆணையாக வேண்டும். எந்தக் கோரிக்கை எந்தத் தேதிக்குள் நிறைவேறும், எந்த அலுவலர் பொறுப்பு என்பதை எழுதி, ஒன்பது ஊராட்சி அலுவலகப் பலகைகளிலும் ஒட்டுங்கள். இந்தச் சாசனம் உங்கள் கைக்கு வந்த முப்பதாம் நாள் நாங்கள் அந்தப் பலகைகளுக்கு முன்னால் கூடி, ஒட்டியிருப்பதை வாசிப்போம்.